பெற்றோரைப் பார்த்துக்கொள்பவரின் இரண்டு சுமைகள்

வயதான அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவரிடம் “ரொம்பக் கஷ்டமா?” என்று கேட்டுப் பாருங்கள். “கஷ்டம்னு சொல்ல முடியாது, ஓடுது” என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. கேள்விதான் தெளிவாக இல்லை. தூக்கிக் குளிப்பாட்டும் கஷ்டத்தைக் கேட்கிறோமா, குளிப்பாட்டும்போது அப்பா திட்டியதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும் கஷ்டத்தைக் கேட்கிறோமா?

1966-இல் ஹோனிக், ஹாமில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் மனநோயாளிகளை வீட்டில் வைத்திருந்த இங்கிலாந்துக் குடும்பங்களைப் பற்றி எழுதியபோது இதை இரண்டாகப் பிரித்தார்கள். பக்கத்தில் இருந்து பார்க்கும் எவரும் எண்ணிவிடக்கூடியது ஒன்று: எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், இரவில் எத்தனை முறை எழுந்தார், எத்தனை நாள் லீவு போட்டார். இதைப் புறச்சுமை என்று வைத்துக்கொள்வோம். அதே வேலை செய்பவருக்குள் எப்படி அழுத்துகிறது என்பது மற்றொன்று: எரிச்சல், குற்ற உணர்வு, பயம், வெட்கம், தனிமை. இது அகச்சுமை. பின்னாளில் வந்த முதியோர் பராமரிப்பு ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பிரிவை ஒட்டியே நடந்தன.

இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்று நினைப்பதுதான் பல குடும்பங்கள் செய்யும் தவறு. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை நாள் முழுக்கக் கவனிக்கிற ஒருவர் மனத்தளவில் நிதானமாக இருக்கலாம். கோலாலம்பூர் செந்தூலில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவை வாரம் இரண்டு முறை மட்டும் போய்ப் பார்க்கிற மகள் காஜாங்கில் தன் வீட்டில் தூக்கமில்லாமல் புரளலாம். அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, 66 முதல் 96 வயதுவரை இருந்த கணவன் மனைவியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. துணையைப் பராமரித்து, அதனால் அழுத்தமும் பட்டவர்களின் இறப்பு அபாயம், அப்படிப் பராமரிக்கும் தேவை இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பராமரித்தும் அழுத்தம் படாதவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. ஆய்வு துணைவர்களைப் பற்றியது. பிள்ளைகளுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தக்கூடாது. ஆனாலும் உடம்பை அரிப்பது வேலை மட்டும் அல்ல என்பதற்கு அது நல்ல சாட்சி.

பிரித்துப் பார்ப்பதன் பயன் தீர்வு தேடும்போது தெரியும். மெய்ட் வைத்தால் புறச்சுமை இறங்கும். “அம்மாவ அந்நிய ஆள் கையில விட்டுட்டேனே” என்ற உறுத்தல் அதனால் போகாது, சில வீடுகளில் கூடும். மறுபக்கம், இரவில் நான்கு முறை எழுந்திருக்கும் ஒருவரைத் தியானம் பண்ணு, கோயிலுக்குப் போ, மனசை லேசா வச்சுக்க என்று சொல்வது பலன் தராது. அவருக்கு வேண்டியது தூக்கம். ‘உங்களையும் கொஞ்சம் கவனிச்சுக்குங்க’ என்ற அறிவுரை எரிச்சலூட்டுவதற்கும் இதுதான் காரணம்: அது இன்னொரு வேலையாக வந்து சேர்கிறது.

அளந்து பார்ப்பது

மருத்துவமனைகளில் இதற்குப் பரவலாகப் பயன்படும் கேள்வித்தாள் ஜாரிட்டின் சுமை அளவுகோல். ஸ்டீவன் ஜாரிட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1980-இல் 29 கேள்விகளோடு வெளியிட்டது, பின்னர் 22 கேள்விகளாகச் சுருங்கியது. தனக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா, அவர் அருகில் இருக்கும்போது மனம் இறுகுகிறதா, இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று உறுத்துகிறதா என்ற வகைக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0, ‘ஏறக்குறைய எப்போதும்’ என்றால் 4. மொத்தம் 88. வழக்கமான கணக்கில் 20 வரை சுமை குறைவு, 21 முதல் 40 வரை லேசானதிலிருந்து நடுத்தரம், 41 முதல் 60 வரை நடுத்தரத்திலிருந்து கடுமை, 61 முதல் 88 வரை மிகக் கடுமை. இதன் மலாய் வடிவமும் உண்டு; பெற்றோரை அழைத்துப்போகும் முதியோர் கிளினிக்கிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வித்தாள் எவ்வளவு சுமை என்று சொல்லும். எங்கே என்று சொல்ல ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். ஏழு நாளுக்கு மூன்று கட்டம் போடுங்கள்: என்ன வேலை, எத்தனை நிமிடம், எவ்வளவு அழுத்தியது. மூன்றாவதற்கு அதே 0 முதல் 4. குளிப்பாட்டியது 40 நிமிடம், அழுத்தம் 1 என்று வரலாம். மாத்திரையைத் துப்பியது 10 நிமிடம், அழுத்தம் 4. பெரிய அத்தை போன் பண்ணி “ஏன் அண்ணன் இவ்ளோ மெலிஞ்சிட்டாரு?” என்று கேட்டது 5 நிமிடம், அழுத்தம் 4. இரவில் எழுந்ததை மட்டும் தனிப் பக்கத்தில் மணியோடு குறியுங்கள். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் கணக்குத் தப்பும். நோட்டு தலைமாட்டில் இருக்கட்டும்.

வாரக் கடைசியில் பார்த்தால் வரிகள் தாமே பிரிந்து நிற்கும். நிமிடம் அதிகம், எண் குறைவு என்றால் அது இன்னொருவர் கைக்கு மாற்றக்கூடிய வேலை. நிமிடம் குறைவு, எண் அதிகம் என்றால் ஆள் மாற்றினால் மட்டும் தீராது. இரண்டும் அதிகமாக இருப்பது பெரும்பாலும் இரவு.

முதலில் இரவு

வேறு எதையும் தொடுவதற்கு முன் இரவைச் சரிசெய்ய வேண்டும். தூக்கம் கெட்டவருக்குப் பொறுமை, நினைவு, பசி எல்லாமே கெடும். பிறகு எந்த அறிவுரையும் ஒட்டாது.

பெற்றோர் ஏன் எழுகிறார்கள் என்று பாருங்கள். சிறுநீருக்காக என்றால், நீர் போகும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுக்கிறீர்களா என்று கவனித்து, காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். இரவு உணவுக்குப் பின் காப்பி, தேநீர் பழக்கமும் ஒரு காரணம். மதியம் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டால் நள்ளிரவில் விழிப்பு இயல்பு. மதியத் தூக்கத்தை அரை மணிக்குக் குறைத்து, காலையில் ஐந்தடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) உட்காரவைத்து வெளிச்சம் படவிடலாம். டிமென்ஷியா (நினைவும் புத்தியும் மங்கும் நோய்) உள்ளவர்களுக்குச் சாயங்காலம் ஆக ஆகப் பதற்றம் ஏறும். கோலாலம்பூரில் ஏழு மணிக்கு மேல்தான் இருட்டுகிறது என்றாலும், ஆறு மணிக்கே விளக்குகளைப் போட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுவது நிழல்களால் வரும் பயத்தைக் குறைக்கும்.

ஒன்றை மட்டும் பொறுத்திருந்து பார்க்கக்கூடாது. நேற்றுவரை சரியாக இருந்தவர் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று குழம்பிப் பேசினால், இல்லாததைப் பார்த்தால், அது ‘வயசாயிடுச்சு’ அல்ல. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர் வற்றியது, மலச்சிக்கல், புது மருந்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.

காரணங்களைச் சரிசெய்த பிறகும் விழிப்பு தொடர்ந்தால், வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் அதே வீட்டில் படுக்க வேண்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். உதவிக்கு ஆள் வரும் மணிகள் குறைவு என்றால், பகலில் ஆறு மணி நேரத்தைவிட இரவில் ஆறு மணி நேரமே மேல். குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பகல் உதவி கேட்பது எளிது என்பதால்.

நினைவில் சுமக்கும் வேலை

நோட்டில் ஏறாத வேலை ஒன்று உண்டு. அடுத்த அப்பாயின்ட்மென்ட் எந்தத் தேதி, எந்த மாத்திரை தீரப்போகிறது, பேம்பர்ஸ் எத்தனை பாக்கி, ரத்தப் பரிசோதனைக்கு முதல் நாள் ராத்திரி சாப்பிடாமல் இருக்கணுமா. கை சும்மா இருக்கும்போதும் தலை ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் உதவிவிட்டுப் போகும் அண்ணன், “அதான் நான் வந்தேனே” என்பார். இந்தச் சுமையைத் தொட்டிருக்கவே மாட்டார்.

நல்ல செய்தி, இதைத் தூரத்தில் இருப்பவரும் எடுத்துக்கொள்ளலாம். ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தம்பியால் அம்மாவைத் தூக்க முடியாது. ஆனால் அப்பாயின்ட்மென்ட் தேதிகள், இன்சூரன்ஸ் படிவங்கள், கிராப் வாடகைக் கார் புக்கிங், மருந்துக் கணக்கு இவற்றை முழுக்கத் தன் பெயரில் எழுதிக்கொள்ளலாம். முழுக்க என்பதுதான் முக்கியம்: நீங்கள் நினைவுபடுத்தித்தான் அவர் செய்கிறார் என்றால் சுமை இன்னும் உங்கள் தலையில்தான். அரசாங்க மருத்துவமனைகளில் தொடர் மருந்துகளைத் தபாலில் பெறவும், டிரைவ்-த்ரூ முறையில் வாங்கவும் ஏற்பாடு உண்டு. பார்மசி கவுன்டரில் ஒருமுறை பதிந்தால் மாதாமாதம் வரிசையில் நிற்பது மிச்சம்.

உடன்பிறந்தவர்களிடம் கேட்கும் முறையிலும் பாதி காரியம் அடங்கியிருக்கிறது. “யாராச்சும் கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கும்பிடும் கைகள் நாலு வரும், ஆள் வராது. ஒருவரை, ஒரு வேலையை, ஒரு நேரத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்: “அண்ணே, ரெண்டாவது சனிக்கிழமையும் நாலாவது சனிக்கிழமையும் காலைல ஒம்பதுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் அப்பாகூட இருக்க முடியுமா? சாப்பாடு நான் செஞ்சு வச்சிட்டுப் போறேன்.” முடியாது என்றால், “அப்ப அந்த ரெண்டு நாளுக்கு ஆள் வைக்கிற காசு நீங்க கொடுக்கிறீங்களா?” பணத்தைப் பற்றிப் பேசக் கூசுபவர்கள் மாதச் செலவை ஒரு தாளில் எழுதி அனுப்பலாம். ஒரு நாளைக்கு நான்கு பேம்பர்ஸ் என்றால் மாதம் 120 பேம்பர்ஸ்; அதனுடன் பால் மாவு, கையுறை, கிராப், டாக்டர். எண்கள் பேசும்போது குரல் உயர வேண்டியதில்லை. கல்யாணமாகாத கடைசி மகளோ, வீட்டில் இருக்கும் மருமகளோ இருந்தால் இந்தத் தாள் இன்னும் அவசியம். அவர்கள் செய்வது ‘கடமை’ என்று பெயர் பெற்று, கணக்கிலிருந்தே மறைந்துபோகிறது.

வெளியிலிருந்து கிடைப்பவை

படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டுக்கே தாதியர் வந்து புண் கட்டவும், மூக்குக் குழாய் மாற்றவும், பார்த்துக்கொள்பவருக்குக் கற்றுத்தரவும் மலேசிய சுகாதார அமைச்சின் ‘பெராவாத்தான் டொமிசிலியாரி’ சேவை 2014-இலிருந்து இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வார்டில் கேட்டுவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்தபின் பரிந்துரைக் கடிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிற குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சமூகநலத் துறையின் உதவித்தொகை உண்டு. 2021-இல் மாதம் 350 ரிங்கிட்டிலிருந்து 500-ஆக உயர்ந்தது. வருமான வரம்பும் மருத்துவர் சான்றும் கேட்பார்கள். டிமென்ஷியா என்றால் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளையின் பகல் பராமரிப்பும், குடும்பத்தாருக்கான ஆதரவுக் குழுவும் இருக்கின்றன.

வருமான வரி கட்டுகிறவர்கள் பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு கோரலாம். சம்பளத்துக்கு வைத்த பராமரிப்பாளரும் இதில் அடங்குவார், மருத்துவர் சான்று இருந்தால். ஆனால் அந்தப் பராமரிப்பாளர் நீங்களாகவோ உங்கள் துணையாகவோ பிள்ளையாகவோ இருக்கக்கூடாது.

வேலை இடத்தில், 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் சட்டத் திருத்தத்தின்படி நெகிழ்வான வேலை நேரம், நாள் அல்லது இடம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று மட்டும் எழுதாமல், எந்த நாளில் எத்தனை மணிக்கு வருவீர்கள், வேலை எப்படி நிற்காமல் நடக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உள்ளே இருப்பது

இனி நிமிடம் குறைந்து எண் உயர்ந்த வரிகள்.

கோபம் பெரும்பாலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்போதுதான் வெடிக்கும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்த அப்பா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து “பெரட்டுக்கு நேரமாச்சு, மரம் வெட்டப் போகணும்” என்கிறார் (பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு). “தோட்டத்த வித்து முப்பது வருசம் ஆச்சுப்பா” என்று நீங்கள் சொன்னது அவர் நினைவில் பதிவதே இல்லை. அதனால்தான் ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்கிறார். பிடிவாதம் அல்ல. விளக்கம் கொடுப்பதை விட்டு, கேள்விக்குள் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்லுங்கள்: “மழை பெய்யுதுப்பா, இன்னைக்கு வேலை இல்ல.” மழையில் மரம் வெட்ட மாட்டார்கள் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை என்றால், “எத்தன மரம்பா வெட்டுவீங்க ஒரு நாளைக்கு?” என்று அவரைப் பேசவிடலாம். பேச்சில் அவசரம் அடங்கும்.

அப்படியும் கை ஓங்கும் அளவுக்கு வந்தால்: சக்கர நாற்காலி பிரேக்கைப் போடுங்கள் அல்லது கட்டில் தடுப்பை ஏற்றுங்கள், அடுப்பை அணையுங்கள், அறையை விட்டு வெளியேறுங்கள். பத்து நிமிடம். அவர் கத்தினாலும் பாதுகாப்பாக இருக்கிறார். இது வாரத்தில் ஒன்றுக்கு மேல் நடந்தால் பொறுமை போதவில்லை என்று உங்களைத் திட்டிக்கொள்ளாமல், புறச்சுமை எல்லை மீறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

குற்ற உணர்வு பல வீடுகளில் ஒரு பழைய வாக்கைச் சுற்றி இருக்கிறது. அப்பா நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்தில் “உங்கள எந்த ஹோம்லயும் விட மாட்டேன்” என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு பேர் தூக்க வேண்டிய நிலையையோ, மூக்குக் குழாயையோ மனத்தில் வைத்துச் சொன்ன வாக்கு அல்ல அது. அதன் உயிர் ‘கைவிட மாட்டேன்’ என்பதில் இருக்கிறது, கட்டடத்தில் அல்ல. பராமரிப்பு இல்லம் பார்ப்பதாக இருந்தால், 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூகநலத் துறையில் பதிந்த சான்றிதழைக் கேளுங்கள், சாப்பாட்டு நேரத்தில் முன்னறிவிப்பின்றிப் போங்கள், தமிழ் பேசும் பணியாளர் எந்த ஷிப்டில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். டிமென்ஷியாவில் பிறகு கற்ற மொழி முதலில் நழுவுவது பொதுவானது. நேற்றுவரை மலாய் பேசிய அம்மா “தண்ணி” என்று மட்டும் கேட்கும் நாள் வரலாம்.

சொந்தக்காரர்களின் வாய்க்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. “டாக்டர் பார்த்துட்டுத்தான் இருக்காரு அத்தை. நீங்க வியாழக்கிழமை வந்து மதியச் சாப்பாடு ஊட்டிவிட்டா அவருக்கும் சந்தோசமா இருக்கும்.” ஒரு கருத்துக்கு ஒரு வேலை. சிலர் வந்தும் விடுவார்கள்.

இவற்றைவிட ஆழமாக ஒன்று கிடக்கும். ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த அம்மா இல்லை. குடும்பச் சிகிச்சையாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். இறந்தால் காரியம் உண்டு, கூட்டம் உண்டு, பதினாறாம் நாள் உண்டு. இந்த இழப்புக்குச் சடங்கே இல்லை, அழுதால் “உயிரோட இருக்கிறவங்களுக்காக ஏன் அழற?” என்பார்கள். இதன் கூடவே “சீக்கிரம் முடிஞ்சா தேவல” என்ற நினைப்பும் வரும். யாரும் வெளியே சொல்வதில்லை. பார்த்துக்கொள்பவர்களில் பலருக்கு வருவதுதான். துன்பம் முடிய வேண்டும் என்ற ஆசை அது, அம்மா சாக வேண்டும் என்ற ஆசை அல்ல. ஆதரவுக் குழுக்கள் உதவுவது இங்கேதான்: அந்த வாக்கியத்தைச் சொன்னால் அங்கே யாரும் அதிர்ச்சி அடைவதில்லை.

சோர்வா, மனச்சோர்வு நோயா

சாதாரணக் களைப்பு இரண்டு நல்ல இரவுத் தூக்கத்தில் கொஞ்சமாவது விலகும். மனச்சோர்வு விலகாது. கிளினிக்குகளில் முதல் சல்லடையாக இரண்டு கேள்வி கேட்பார்கள்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தது எத்தனை நாள், மனம் தளர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தது எத்தனை நாள். ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் 2, ஏறக்குறைய தினமும் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அது நோய் என்று தீர்ப்பு அல்ல. அடுத்த பரிசோதனைக்கான அறிகுறி.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அம்மாவின் அப்பாயின்ட்மென்டில் ஓரமாகச் சொல்லாமல், உங்கள் மைகார்டை (அடையாள அட்டையை) கொடுத்து உங்கள் பெயரில் பதியுங்கள். இல்லையென்றால் டாக்டர் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார், உங்களுக்கென்று பதிவோ தொடர் கவனிப்போ இருக்காது. சொல்ல வேண்டியது மூன்று வரி: வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறேன், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், அந்த இரண்டு கேள்வியில் எவ்வளவு வந்தது. தேவைப்பட்டால் அங்கிருந்து மென்தாரி எனப்படும் சமூக மனநல மையத்துக்கு அனுப்புவார்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555. மனம்விட்டுப் பேச உதவும் கோலாலம்பூர் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வாய் திறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.